சுமைகூலி

பதினோராவது தடவையும் எண்ணை அழித்துவிட்டு
ஹெல்வே எழுந்துபோய்
தராசில் ஒரு பொத்தானை வைத்தாள்.
மூன்று கிராம்.

ஜூனிப்பர் கிளையைக் குறுக்கே அறுத்து
நாலு துளையிட்டு
ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தது.
வளையங்களை எண்ணினால் பொத்தானுக்கு வயது நாற்பது.
விலை இரண்டு யூரோ.

அட்டைப்பெட்டி எழுபது கிராம்.
உள்ளே திணிக்கும் காகிதம் பன்னிரண்டு.
பசைநாடாவை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.
அவள் போட்டுப் பார்த்தாள், நாலு.
சுண்டைக்காய் கால் பணம் என்று சொல்லத் தெரியாத ஊர் அது.
கணக்கு மட்டும் அதே கணக்கு.

ஹியுமா தீவிலிருந்து எது கிளம்பினாலும்
முதலில் கடலைக் கடந்தாக வேண்டும்.
காற்றடித்தால் படகு வராது.
கடல் உறையத் தொடங்கினால் தாமதமாக வரும்.
நன்றாக உறைந்துவிட்டால்
பனிக்கட்டி மேலேயே சாலை போட்டுவிடுவார்கள்.
அதில் போகும்போது சீட் பெல்ட் போடக்கூடாது,
உடைந்தால் குதிக்க வேண்டுமே.
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
இருப்பதே மூன்று கட்டம்:
எஸ்தோனியா, ஐரோப்பா, பிற உலகம்.

பிற உலகம் என்று படிக்கும்போதெல்லாம்
போன மார்ச்சில் செத்த பூனை ஞாபகம் வருகிறது.

படகில் கயிறு கட்டும் அவள் தம்பி கௌப்போ சொன்னான்:
"அனுப்புவது இலவசம்னு போட்டுடு.
பொத்தானை எட்டு யூரோ ஆக்கு.
ஒருத்தனும் கேட்கமாட்டான்."
ஒரு சாயங்காலம் முழுக்க அப்படியே வைத்திருந்தாள்.
பக்கத்துத் தோட்டத்து லெய்தா
செருப்பைக்கூட மாற்றாமல் வந்து
ஆறு பொத்தான் எடுத்துப் போகிறவள்.
கடலையே பார்க்காத அந்த ஆறும்
கடலுக்குக் கூலி கட்ட வேண்டியிருக்கும்.
இரவு ஒன்பதரைக்கு
மறுபடி இரண்டு யூரோ.

உண்மையான கூலியைப் போட்டால் இன்னொன்று நடக்கிறது.
கடைசிப் பக்கம்வரை வந்தவர்கள்
தொகையைப் பார்த்ததும்
கூடையை நடுவழியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.
கூடைக்குள் என்ன இருந்தது என்று திரை காட்டும்,
யாருடையது என்று காட்டாது.
ஒன்றில் எட்டுச் சின்னப் பொத்தான், குழந்தைச் சட்டை அளவு.
அதை இரண்டு வாரமாக அவள் அழிக்கவில்லை.

சிலியின் தென்கோடியிலிருந்து,
புன்டா அரேனாஸ்,
எலிசெயோ பார்ரியா என்பவர் எழுதினார்:
"ஒரே ஒரு பொத்தான் போதும்.
கோட்டில் நாலு இருக்கிறது. ஐந்தாவது கடலுக்குள்.
உங்கள் பட்டியலில் பொத்தான் இரண்டு, கூலி இருபத்துமூன்று.
பொத்தானுக்குத் துணையாக யாராவது கூட வருகிறார்களா?"

சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள்.
பிறகு நாலாவதாக ஒரு வரி சேர்த்தாள்.

சாதாரணத் தபால். உறையில்.
பின்தொடர எண் கிடையாது.
தொலைந்தால் தொலைந்ததுதான்.
இரண்டு யூரோ எழுபது.

"இதை எவன் எடுப்பான்?" என்றான் கௌப்போ.
எலிசெயோ எடுத்தார், இருபது நிமிஷத்தில்.

தபால் நிலையத்தில் ஒரு பலகை உண்டு,
அதன் பிளவில் நுழைந்தால் கடிதம், நுழையாவிட்டால் பார்சல்.
பொத்தான் ஒரு மயிரிழை தடித்திருந்தது.
உப்புத்தாளில் தேய்த்தாள்,
மூன்று வளையம் மங்கும்வரை.
உறைக்குள் உருளாமலிருக்க
வெள்ளைத்தாளில் வைத்து நீலநூலால் தைத்தாள்.
தாளில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.
நூல் மிச்சமிருந்தது, அதையும் மடித்து வைத்தாள்.

எண் போட்டு அனுப்பியவற்றை
அனுப்பிய அன்றே மறந்துவிடுவாள்.
இதற்கு எண் இல்லை.

முப்பத்தெட்டு நாளாகிறது.
கடையைத் திறக்குமுன் காலையில்
தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஊரின்
வானிலையைப் பார்க்கிறாள்.
இன்று அங்கே காற்று மணிக்கு எழுபது கிலோமீட்டர்.
கரையோரம் ஒருவர் நடந்துகொண்டிருப்பார்,
நாலு பொத்தானோடு,
ஐந்தாவது இடத்தைக் கையால் பிடித்தபடி.